மாடியில் மரநாய், ஏரியில் முதலை: ஊருக்குள் வாழும் காட்டுயிர்களைப் பற்றி

அடையாற்றில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைக்கத் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதம், ராத்திரி பத்தரை மணியானால் அந்தக் கூரைமேல் தடதடவென்று சத்தம். எலி என்றேன் நான். திருடன் என்றான் தம்பி. கட்டிலில் படுத்திருந்த அப்பா, "மரநாய்டா அது. நம்ம ஊர்ல ஓட்டு மேல ஓடாத நாள் உண்டா?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் கைப்பிடிச் சுவரின்மேல் சப்போட்டா விதை நிறைந்த எச்சம் கிடந்தது. அப்பா சொன்னதுதான் சரி. பூனை மாதிரி இருக்கும், மரமேறிப் பழம் தின்னும் ஒரு ராத்திரிப் பிராணி அது.

அதுவரைக்கும் காட்டு விலங்கு என்றால் முதுமலையில் இருக்கும், ஆனைமலையில் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். பேருந்து போகிற சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், யாரும் வளர்க்காத, யாரும் சோறு வைக்காத ஒரு பிராணி எங்கள் தலைக்கு மேலேயே குடும்பம் நடத்துகிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. அன்றிலிருந்து தேடித் தெரிந்துகொண்டதை, இதைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல இங்கே எழுதுகிறேன்.

முதலில், நகர்ப்புறக் காட்டுயிர் என்றால் என்ன? மனிதர் வளர்க்காமல், தன் இரையைத் தானே தேடி, தன் துணையைத் தானே தேர்ந்து, நகரத்துக்குள்ளோ அதன் விளிம்பிலோ வாழும் எந்த உயிரும் இதில் சேரும். 'காட்டு' என்ற சொல் இங்கே இடத்தைக் குறிக்கவில்லை, வாழும் விதத்தைக் குறிக்கிறது. தெருநாயும் மாடும் இதில் வராது. அவை மனிதர் பழக்கிய இனங்கள். ஆனால் அணில், காகம், கீரிப்பிள்ளை, சாரைப்பாம்பு, கூகை, பழந்தின்னி வௌவால் எல்லாம் வரும். யோசித்துப் பார்த்தால் இவற்றில் ஒன்றையாவது இன்றைக்கே நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

சென்னை இதைப் படிக்க ஒரு நல்ல பாடசாலை. கிண்டி தேசியப் பூங்கா சுமார் 270 ஹெக்டேர் பரப்பு. நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. சுற்றிலும் நகரம். உள்ளே வெளிமானும் புள்ளிமானும் நரியும் இருக்கின்றன. வெளிமான் திறந்த புல்வெளியில் வாழ்வது. ஆண்மானின் முறுக்கிய கொம்பையும் கறுத்த முதுகையும் பார்க்க ஆட்கள் எங்கெங்கோ போகிறார்கள். இங்கே மின்சார ரயிலில் கிண்டியில் இறங்கி நடந்தே போய்விடலாம். 1910-ல் இந்தக் காடு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது 505 ஹெக்டேர் இருந்தது. அப்புறம் ஐ.ஐ.டி.க்கு ஒரு பகுதி, தலைவர்களின் நினைவிடங்களுக்கு ஒரு பகுதி, வேறு நிறுவனங்களுக்கு ஒரு பகுதி என்று பிரிந்து போனது. மிஞ்சியது 1978-ல் தேசியப் பூங்கா ஆனது.

தெற்கே போனால் பள்ளிக்கரணை. பழைய ஆட்கள் அதைக் கழுவெளி என்பார்கள். மழைநீர் வந்து தங்கி, மெல்ல வடிந்து கடலுக்குப் போகிற தாழ்வான ஈரநிலம். பெருங்குடி குப்பைமேடு, சாலைகள், ஐ.டி. கட்டடங்கள் என்று நாலா பக்கமும் நெருக்கியதில் சுருங்கிப் போனாலும், இன்றைக்கும் அங்கே கூழைக்கடாவும் பூநாரையும் நீலத் தாழைக்கோழியும் வருகின்றன. 2022-ல் அது ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அங்கீகாரம் பெற்றது. மேடவாக்கம் பக்கம் நன்மங்கலம் காப்புக்காட்டின் பழைய கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரைக்குமான மணலில் தை தொடங்கிப் பங்குனி வரை பங்குனி ஆமைகள் ராத்திரியில் கரையேறி முட்டையிடுகின்றன.

இத்தனையும் ஒரே மாநகரத்தில்.

புகுந்தது யார்?

செய்தித்தாளில் எப்போதும் ஒரே மாதிரிதான் தலைப்பு வரும்: "ஊருக்குள் புகுந்த பாம்பு", "குடியிருப்புக்குள் புகுந்த குரங்கு". இந்தப் 'புகுந்த' என்ற சொல்தான் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்வதற்குப் பெரிய தடை என்று நினைக்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த ராத்திரி பெருங்களத்தூர் பக்கம் சாலையை ஒரு முதலை கடந்து போனது. யாரோ காரிலிருந்து எடுத்த வீடியோ எல்லார் கைப்பேசிக்கும் வந்தது. "சென்னைக்குள் முதலை புகுந்துவிட்டது" என்று ஒரே பதற்றம். அந்தச் சுற்றுவட்டாரத்து ஏரிகளில் சதுப்புநில முதலைகள் வெகுகாலமாகவே இருக்கின்றன. நெடுங்குன்றம் ஏரிக்கரையில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆளைக் கண்டால் தண்ணீருக்குள் மறையும் கூச்ச சுபாவம் அதற்கு. அன்றைக்கு ஏரி நிரம்பி வழிந்தது, தண்ணீரோடு அதுவும் வெளியே வந்தது. அது கடந்த சாலைதான் அந்த இடத்துக்குப் புதிது.

இதைப் பொதுவாக இப்படிச் சொல்லலாம். நகரத்தில் காட்டுயிர் இருப்பதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, அது அங்கேயே இருந்தது, நகரம் அதைச் சுற்றி வளர்ந்தது. பள்ளிக்கரணைப் பறவை, நெடுங்குன்றத்து முதலை எல்லாம் இந்த வகை. இன்னொன்று, நகரத்தில் ஏதோ ஒரு லாபம் இருக்கிறது என்று தானே வந்து தங்கியது. குப்பைமேட்டின் மேல் வட்டமிடும் கரும்பருந்து இதற்கு உதாரணம். பல உயிர்களுக்கு இரண்டுமே பொருந்தும். எங்கள் மரநாயின் பாட்டி முப்பாட்டிகள் அடையாற்றுத் தோப்புகளில் பனம்பழம் தின்றிருக்கும். தோப்பு போய் வீடு வந்தபின் அதன் வாரிசு சப்போட்டா தின்கிறது, பனங்கூந்தலுக்குப் பதிலாகத் தகரக் கூரையில் படுக்கிறது.

எல்லா உயிரும் ஒரே மாதிரி தாக்குப்பிடிப்பதில்லை

அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் பிளேர் 1996-ல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ பகுதிப் பறவைகளை ஆராய்ந்தபோது மூன்று வகையாகப் பிரித்தார். அந்தப் பிரிவு இன்றைக்கும் பயன்படுகிறது. நம் பேச்சில் சொன்னால்: ஊரை ஒதுக்குபவை, ஊரோடு பழகிக்கொள்பவை, ஊரையே நம்பியிருப்பவை.

ஊரை ஒதுக்குபவை பரந்த, தொந்தரவில்லாத இடம் கேட்பவை. கட்டடம் வர வர விலகும், விலக இடமில்லாவிட்டால் அழியும். கிண்டி வெளிமானை இதில்தான் சேர்ப்பேன். அது நகரத்தோடு பழகவில்லை, வேலிக்குள் மிஞ்சியிருக்கிறது. திறந்த புல்வெளி புதராக மாறினாலே அதற்குச் சிரமம்.

ஊரையே நம்பியிருப்பவைக்குக் காகமும் மாடப்புறாவும் வீட்டு எலியும் உதாரணம். சிட்டுக்குருவியையும் இங்கேதான் வைக்க வேண்டும். சங்கப் புலவர்களே அதை 'மனையுறை குரீஇ' என்று, வீட்டில் வாழும் குருவி என்றுதான் அழைத்தார்கள். இரண்டாயிரம் வருடமாக நம் இறவாணத்தில் கூடு கட்டிய பறவை அது. 2020-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி ஓரளவு நிலையாக இருக்கிறது, ஆனால் சென்னை உட்படப் பெருநகரங்களில் படிப்படியாகக் குறைகிறது என்று காட்டியது. செல்போன் கோபுரம்தான் காரணம் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். அதற்கு வலுவான சான்று இல்லை. கூடு கட்டப் பொந்தும் இடுக்கும் இல்லாத கண்ணாடிக் கட்டடங்களும், குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி கிடைக்காத தெருக்களும்தான் அதைவிடப் பொருத்தமான காரணங்கள். குருவி தானியம் தின்றாலும் குஞ்சுக்குப் பூச்சிதான் ஊட்டும். ஊரை முழுசாக நம்பிய உயிருக்கும் ஊர் மாறும் விதம் ஒத்துவராமல் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நடுவில் இருக்கும் பழகிக்கொள்பவைதான் எனக்கு மிகவும் பிடித்த கூட்டம். மரநாய், கீரி, புள்ளி ஆந்தை, நாட்டுக்குரங்கு, வல்லூறு. இவற்றுக்குக் கொஞ்சம் மரமும் வேண்டும், கொஞ்சம் ஊரும் போதும். கொழும்பில் மீன்பிடிப் பூனை இருக்கிறது தெரியுமா? நாணலும் சதுப்பும் உள்ள இடத்தில் மீன் பிடித்துத் தின்னும், வீட்டுப் பூனையைவிட நன்றாகப் பெரிய காட்டுப்பூனை அது. 2018-ல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற அந்த நகரின் சதுப்புகளிலும் கால்வாய்க் கரைகளிலும் அது வாழ்கிறது. ஆய்வாளர்கள் ஒன்றின் கழுத்தில் கருவி கட்டிப் பின்தொடர்ந்தபோது, அது வீட்டுத் தோட்டக் குளங்களில் வளர்த்த அலங்கார மீன்களையும் ராத்திரியில் பிடித்துத் தின்றது தெரிந்தது. மீனைப் பறிகொடுத்தவர்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் ஒரு தலைநகரின் நடுவில் இப்படி ஒரு பூனை உலாவுகிறது என்பதை நினைக்கையில் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஊர் என்ன கொடுக்கிறது?

ஒரு பிராணியை எதிர்பாராத இடத்தில் பார்த்தால் 'இது எப்படி இங்கே வந்தது?' என்று கேட்பதைவிட 'இதற்கு இங்கே என்ன கிடைக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் எப்போதும் மூன்று நான்கு விஷயங்களுக்குள் அடங்கிவிடும். தீனி, தண்ணீர், ஒளிய இடம், போக வழி.

தீனி என்பது பெரும்பாலும் சங்கிலி. திறந்த குப்பைத்தொட்டி எலியைக் கொண்டுவரும், எலி சாரைப்பாம்பையும் நல்ல பாம்பையும் கொண்டுவரும். பாம்பு உங்கள் வீட்டுக்கு வரவில்லை, உங்கள் வீட்டு எலிக்கு வந்தது. மும்பையில் இதையே பெரிய அளவில் பார்க்கலாம். சுமார் 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை மூன்று பக்கமும் மாநகரம் சூழ்ந்திருக்கிறது. உள்ளே சிறுத்தைகள். காட்டில் அவற்றுக்கு மான் உண்டு. அதோடு விளிம்புக் குடியிருப்புகளின் குப்பையைத் தின்று பெருகும் தெருநாய்களும் இரையாகின்றன. குப்பை, நாய், சிறுத்தை. சங்கிலியின் ஒரு முனை நம் கையில்தான் இருக்கிறது.

போக வழி என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நமக்குச் சாக்கடையாகத் தெரியும் ஓடை, கீரிக்கு நெடுஞ்சாலை. மதில்சுவரின் உச்சி மரநாய்க்கு நடைபாதை. ஒரு வேப்பமரத்தின் கிளை அடுத்த வீட்டு வாதாங்கொட்டை மரத்தைத் தொட்டால் அணிலுக்கு அது பாலம். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது நாம் நிழலை இழந்தோம். அவை பாதைகளையே இழந்தன. வழி அறுந்துபோன பசுமை ஒரு தீவு மாதிரி. உள்ளே இருப்பது வெளியே போக முடியாது, வெளியே இருந்து புதுத் துணை வர முடியாது. சின்னக் கூட்டம் தனக்குள்ளேயே இனம் பெருக்கினால் தலைமுறைக்குத் தலைமுறை பலவீனமாகும். கிண்டி மான்களுக்கு உள்ள பெரிய கவலை இதுதான்.

இன்னொன்றும் மாறுகிறது, நேரம். 2018-ல் வெளியான ஓர் ஆய்வு ஆறு கண்டங்களில் 62 வகைப் பாலூட்டிகளைப் பற்றிய தகவல்களைத் தொகுத்துப் பார்த்தது. மனிதத் தொந்தரவு அதிகமுள்ள இடங்களில் அவை ராத்திரியில் நடமாடுவது 1.36 மடங்கு கூடியிருந்தது. பகலிலும் இரவிலும் பாதிப் பாதி உலாவிய ஒரு விலங்கு, மனிதர் பக்கத்தில் வந்தால் தன் நடமாட்டத்தில் 68 விழுக்காட்டை இரவுக்கு மாற்றிக்கொள்கிறது என்று அர்த்தம். ஒரே வீட்டை இரண்டு ஷிப்டாகப் பகிர்ந்துகொள்வது போலத்தான். நாம் தூங்கப் போனபின் அவை கிளம்புகின்றன.

ஆனால் ராத்திரியும் இப்போது ராத்திரியாக இல்லை. முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சு, இருட்டில் எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அதுதான் கடல் என்று நம்பி ஓடும். கோடிக்கணக்கான வருடங்களாக அந்த நம்பிக்கை சரியாகவே இருந்தது. இன்றைக்குத் தெருவிளக்கு கடலைவிடப் பிரகாசமாக இருப்பதால் குஞ்சுகள் சாலைப் பக்கம் வந்து சாகின்றன. 1988 முதல் சென்னையில் மாணவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து, ஆமை வரும் பருவத்தில் ராத்திரி முழுக்கக் கடற்கரையில் நடந்து, முட்டைகளைப் பத்திரமான இடத்தில் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அவர்களோடு ஒருநாள் நீலாங்கரையிலிருந்து நடந்திருக்கிறேன். விடியற்காலையில் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு குஞ்சு முதல் அலையில் புரண்டு, நிமிர்ந்து, அடுத்த அலையில் காணாமல் போனது. இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

பிடித்துக்கொண்டு போய் விட்டால் சரியாகிவிடுமா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். "காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுங்களேன்." நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் காடு காலி மனையாக இருப்பதில்லை. அங்கே ஏற்கெனவே அந்த இனத்தைச் சேர்ந்தவை இடம் பிடித்திருக்கும். புதிதாக விடப்பட்ட விலங்குக்கு இரை எங்கே, தண்ணீர் எங்கே, எதிரி எங்கே என்று எதுவும் தெரியாது. அலையும், சண்டையில் அடிபடும், பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும்.

மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பகுதியின் கரும்புக்காடுகளில் வாழ்ந்த சிறுத்தைகளை இப்படிப் பெருமளவில் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். வித்யா ஆத்ரேயாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதன் விளைவை ஆராய்ந்தார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல், இடமாற்றம் தொடங்கியபின் 17 ஆகக் கூடியிருந்தது. குறைக்க எடுத்த நடவடிக்கையே கூட்டிவிட்டது.

பிடித்த இடமும் காலியாக இருக்காது. தீனி அப்படியே இருந்தால் இன்னொன்று வரும். ஒரு சாரைப்பாம்பைத் துரத்தினால் வருவது இன்னொரு பாம்பாகவும் இருக்கலாம், பெருகிப்போன எலிகளாகவும் இருக்கலாம். இரண்டுமே நமக்கு லாபமில்லை.

எங்கள் தெருவில் நடந்ததையும் சொல்கிறேன். எதிர்வீட்டு மாமி ரொம்ப நல்லவர். சுவரில் வந்து உட்கார்ந்த குரங்குக்குத் தினமும் வாழைப்பழம் கொடுத்தார். மூன்று மாதத்தில் ஒன்று ஏழானது. கையில் பை இருந்தால் அதில் பழம் இருக்கும் என்று அவை கற்றுக்கொண்டன. பள்ளிவிட்டு வந்த ஒரு குழந்தையின் பையைப் பிடுங்கியதில் குழந்தையின் கையில் கீறல். அப்புறம் கூண்டு வந்தது. பிடிபட்ட குரங்குகள் கத்தியதைக் கேட்டு அழுததும் மாமிதான். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை, அன்பு வைத்துத்தான் செய்தார். ஆனால் கையால் தீனி கொடுப்பது ஒரு காட்டு விலங்குக்கு நாம் செய்யக்கூடிய பெரிய கெடுதல். வெயில் காலத்தில் மாடியில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள், தினமும் கழுவி மாற்றுங்கள். அது போதும்.

பயம் வேண்டாம் என்று சொல்லும்போது ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. பாம்பு தெரிந்தால் தள்ளி நின்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு, வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள். தானாகப் போய்விடும் இடமென்றால் போக விடுங்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் ஊரில் உயிருக்கு ஆபத்தான நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். குரங்கோ நாயோ வேறு பாலூட்டியோ கடித்தால், கீறினால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போய்விடுங்கள். சின்னக் கீறல்தானே என்று நாளைக்குத் தள்ளிப்போடக் கூடாது.

நம் சட்டமும் மெல்ல மாறிவருகிறது. 1972-ம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காகத்தையும் பழந்தின்னி வௌவாலையும் எலியோடு சேர்த்து, கொல்லத் தடையில்லாத 'தீங்குயிர்' பட்டியலில் வைத்திருந்தது. பழந்தின்னி வௌவால் எத்தனையோ மரங்களின் விதையைப் பரப்பும், இரவில் பூக்கும் இலுப்பை போன்ற மரங்களுக்கு மகரந்தம் சேர்க்கும். 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோது அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். ஐம்பது வருடம் ஆனது.

சரி, எங்கள் வீட்டு மரநாய்க்கு வருகிறேன். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே மூன்று குட்டிகள். இடைவெளியை உடனே அடைத்துவிடலாம் என்றான் தம்பி. தாய் வெளியே, குட்டி உள்ளே என்று ஆகிவிடும் என்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் அம்மா. சில மாதங்கள் அந்த அறைக்கு யாரும் போகவில்லை, சத்தத்தைப் பொறுத்துக்கொண்டோம். வைகாசி முடியும் சமயத்தில் ஒருநாள் ராத்திரி நான்கும் வரிசையாக மதில்மேல் நடந்து போவதைப் பார்த்தோம். அப்புறம் அவை அங்கே தங்க வரவில்லை என்று சில நாள் பார்த்து உறுதி செய்துகொண்டு, இடைவெளியில் கம்பிவலை அடித்தோம். அம்மா சொல்லி, பக்கத்து வீட்டு வாதாங்கொட்டை மரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் எங்கள் சப்போட்டாக் கிளையை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறோம். மேல்கிளைப் பழங்களை யாரும் பறிப்பதில்லை. கைப்பிடிச் சுவரில் இன்றைக்குக் காலையிலும் விதைகள் கிடந்தன.